வாழைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டு, மரவள்ளிக்குக் குச்சி

நீங்கள் ஒரே கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. மகளின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி என்று பிரிக்கிறது. அவளுடைய அறிவியல் புத்தகம் எல்லாவற்றையும் தண்டு என்ற ஒரே சொல்லில் அடக்கி, உருளைக்கிழங்கையும் இஞ்சியையும்கூடத் தண்டு என்கிறது. சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்தில் உங்கள் வீட்டில் வழங்குவது சோளத்தட்டு, குச்சிக்கிழங்கு, வாழைத்தண்டு. இவற்றில் எது சரி என்பது முதல் கேள்வி. தண்டு தமிழா வடமொழியா என்பது இரண்டாவது. தண்டனை, தண்டல், தண்டவாளம், தண்டோரா எல்லாம் இதே தண்டிலிருந்து வந்தவையா என்பது மூன்றாவது. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதில் ஒரு பாதி உறுதி, மறுபாதி இன்றும் தீராத வழக்கு. மூன்றாவதில் சொல்லுக்குச் சொல் விடை மாறும்.

புத்தகத்தில் இருக்கும் அந்தப் பட்டியல் தேவநேயப் பாவாணருடையது. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் அவர். பட்டியல் இப்படிப் போகிறது: நெல், கேழ்வரகு முதலியவற்றின் அடி தாள். கீரை, வாழை முதலியவற்றின் அடி தண்டு. நெட்டி, மிளகாய்ச்செடி முதலியவற்றின் அடி கோல். குத்துச்செடி, புதர் முதலியவற்றின் அடி தூறு. கம்பு, சோளம் முதலியவற்றின் அடி தட்டு அல்லது தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. புளி, வேம்பு முதலியவற்றின் அடி அடியேதான். பிள்ளைகள் இதை மனப்பாடப் பகுதிபோல ஒப்பிக்கிறார்கள். எதற்காக இப்படிப் பிரிந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் பதில் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஒவ்வொரு செடியின் அடியையும் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். கீரைத்தண்டு 'மளுக்'கென்று முறியும், முறிந்த இடத்தில் நீர் கசியும், உள்ளே வெண்மையாகச் சதை இருக்கும். நெல்தாளை ஒடித்தால் அது மடங்கும், உள்ளே கூடு. சோளத்தட்டின் மேலே கத்தி படாமல் உரிக்க முடியாத வழுவழுப்பான கடினத்தோல், உள்ளே தக்கை. கரும்பு கணுவுக்குக் கணு முறியும். மிளகாய்ச்செடியின் அடி விறகாகிவிடுகிறது. ஆகவே இந்தச் சொற்கள் எந்தச் செடி என்பதைவிட, அந்த அடி எப்படிப்பட்ட பொருள், அதை வைத்து மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதையே சொல்கின்றன. தண்டு சமையலுக்கு, தாளும் தட்டும் மாட்டுக்கு, கோலும் குச்சியும் நடுவதற்கும் எரிப்பதற்கும். இப்படிப் பார்த்தால் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வாழையை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தண்டு என்ற சொல் அங்கேதான் மிகத் துல்லியமாக விழுந்திருக்கிறது. வாழை 'மரம்' என்று நாம் சொல்லும் அந்த உருண்ட நடுப்பகுதி உண்மையில் இலைகளின் அடிமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிற்பது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. இலை போடும் காலம் முழுவதும் அதன் வளரும் நுனி தரைமட்டத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. பூக்கும் பருவம் வந்ததும் அந்த நுனி மட்டைகளின் நடுவே துளைத்துக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் வாழைப்பூவாக வெளியே வருகிறது. அப்படி ஏறிய அந்த வெள்ளைக் கம்புதான் நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு. எனவே இன்னும் பூக்காத வாழையை வெட்டிப் பிளந்தால் நடுவில் சுருட்டிய இலைக்குருத்துதான் கிடைக்கும், சமைக்கத் தண்டு கிடைக்காது. தார் வெட்டிய மரத்திலிருந்துதான் தண்டு எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வதன் காரணம் இதுதான். வெளியே இருப்பதைப் பட்டை, மட்டை என்றும், உள்ளே இருப்பதை மட்டும் தண்டு என்றும் நம் மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாவரவியல் நுண்ணோக்கி வைத்துச் சொல்வதும் அதையேதான்.

அதைச் சமைக்கத் தயார் செய்வதிலும் அந்தத் தண்டின் அமைப்பு தெரியும். கையால் உரிகிற மட்டை ஒன்றுகூட மிஞ்சாத வரை உரிக்க வேண்டும். இனி உரியாது என்று வழுவழுப்பான உருளை வந்ததும் நிறுத்தலாம். மட்டை ஒன்றை விட்டுவிட்டால் பொரியலில் சக்கைதான் மெல்ல வேண்டியிருக்கும். வட்டமாக மெல்லிசாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் நூலாக நார் நீளும், அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும். தண்டுக்குள் நீளவாக்கில் ஓடும் குழாய்க்கட்டுகளின் சுருள் இழைகள்தான் அந்த நார். நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். மோரின் புளிப்பு அந்தக் கறுப்பைத் தடுக்கிறது.

தண்டுக்கீரைக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. நகம் வைத்து அழுத்தினால் இறங்க வேண்டும், அதுதான் சோதனை. கதிர் விட்டுப் பூக்கத் தொடங்கிய கீரையில் நார் முற்றிவிடும், பிறகு தோல் சீவினாலும் பயனில்லை. இங்கே ஒரு சின்ன விலகல் உண்டு: சேப்பந்தண்டு, சேனைத்தண்டு என்று நாம் சமைப்பவை தாவரவியல்படி தண்டே இல்லை, இலைக்காம்பு. சேம்புக்கும் சேனைக்கும் உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கிழங்குதான். ஆனால் சதைப்பற்றாய், நீர் நிறைந்து, நட்டமாக நிற்பதால் சமையலறை அந்தக் காம்பையும் தண்டு என்றே அழைத்துவிட்டது. சொல்லின் நியாயம் சமையலறையில் வேறு, ஆய்வகத்தில் வேறு. இரண்டையும் ஒன்றுடன் ஒன்று மோதவிட வேண்டாம்.

தட்டுக்கு வருவோம். சோளம் வயலில் பச்சையாக இளசாக நிற்கும்போது அதைத் தட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பயிர் என்பார்கள். கதிர் அறுத்து, நிறம் மாறிக் காயத் தொடங்கிய பிறகுதான் அது தட்டு. வெட்டிக் கட்டிப் போர் போட்டால் தட்டுப்போர். அந்தச் சொல்லுக்குள் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. இளஞ்சோளத்தில், அதிலும் மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளத்தில், ஹைட்ரஜன் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் அதிகம். பசியோடு போன மாடு அதில் வாய் வைத்தால் சிறிது நேரத்தில் வயிறு ஊதி மூச்சு முட்டிச் சாய்ந்துவிடும். முற்றி நன்றாகக் காய்ந்த தட்டில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 'தட்டு வெட்டிப் போடு' என்பதும் 'பயிரில் மாட்டை விடாதே' என்பதும் வேறு வேறு நிலையைக் குறிக்கும் பேச்சு. சேலத்தில் தட்டு என்பது பெருவழக்கு, தட்டை என்பது மற்ற மாவட்டங்களில் கூடுதலாகக் கேட்கும். இரண்டும் ஒரே சொல்.

தாளும் அப்படியே நிலைமாறும். நிற்கும்போது தாள், கதிரடித்த பின் வைக்கோல், அறுத்த வயலில் மிஞ்சி நிற்பது தாளடி. காவிரிப் படுகையில் குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது போடும் அடுத்த பயிருக்குத் தாளடி என்றே பருவப்பெயர் ஆகிவிட்டது. தாள் என்றால் பாதம், முயற்சி என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் 'நற்றாள் தொழாஅர்' என்பதில் பாதம், 'தாளாற்றித் தந்த பொருளெல்லாம்' என்பதில் முயற்சி. உடலைத் தாங்குவது தாள், கதிரைத் தாங்குவதும் தாள். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்' என்பதில் வருவது கதவின் தாழ், ழகர ஒற்று. தேர்வுத்தாளில் இந்த இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகள் நிறைய, மகளிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது மரவள்ளிக்கு உங்கள் ஊர்ச் சொல்லான குச்சிக்கிழங்கு. இந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரு முழு வேளாண்மைப் பாடம் அதற்குள் இருக்கிறது. உருளைக்கிழங்கை நடுவதற்குக் கிழங்கையே வெட்டி நடுகிறோம். சேனைக்கும் மஞ்சளுக்கும் அப்படியே. மரவள்ளிக்கு மட்டும் கிழங்கை வைத்தால் முளைக்காது, குச்சியைத்தான் நட வேண்டும். காரணம், உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் மேலிருக்கும் ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு கணுவில் இருக்கும் மொட்டு. மஞ்சளிலும் இஞ்சியிலும் வளையம் வளையமாகத் தெரிவது கணு, வளையத்தின் மேல் ஒட்டியிருக்கும் உலர்ந்த செதில் ஒரு இலையின் மிச்சம், பக்கத்தில் புடைத்திருப்பது மொட்டு. மரவள்ளிக் கிழங்கு பருத்த வேர். வேரில் கணு இல்லை, மொட்டு இல்லை. அதனால் அடுத்த தலைமுறை முழுவதும் குச்சியில்தான் இருக்கிறது. கிழங்கைப் பெயர் சொல்லும்போதே அதன் விதை எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற பெயர் குச்சிக்கிழங்கு. அறிவியல் புத்தகம் உருளையைத் தண்டு என்றும் மரவள்ளியை வேர் என்றும் ஏன் பிரிக்கிறது என்று மகள் கேட்டால், இந்தப் பெயரைக் காட்டியே விளக்கிவிடலாம்.

குச்சி என்று சொல்லிவிட்டால் போதாது, எந்தக் குச்சி என்பதில்தான் விளைச்சல் நிற்கிறது. 8 முதல் 10 மாதமான, தேமல் நோய் இல்லாத செடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். தேமல் வந்த செடியின் இலை பச்சையும் மஞ்சளும் கலந்து நெளிந்து சிறுத்துப் போயிருக்கும். அறுவடைக்கு முன் இலை இருக்கும்போதே நல்ல செடிகளுக்கு அடையாளம் வைத்துவிடுவது நல்லது, இலை உதிர்ந்த பின் நோயுள்ள குச்சியும் நல்ல குச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த நோயைத் தரும் நச்சுயிரி (வைரஸ்) வெள்ளை ஈயாலும் பரவும், குச்சி வழியாகவும் பரவும். ஈயைத் தடுத்துவிட்டு நோய்க்குச்சியை நட்டால் என்ன பலன்? அடுத்து, குச்சியின் நுனிப்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை எடுக்க வேண்டும். நுனி இளசு, நட்ட சில நாளில் வற்றிப்போகும். அடி முற்றல், முளைக்கத் தாமதிக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைத் தக்கை வட்டமாகத் தெரியும். அந்தத் தக்கையின் அகலம் குச்சியின் மொத்த அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் குச்சி இன்னும் முற்றவில்லை என்று பொருள். வெட்டிய வாயில் பால் உடனே கசிந்தால் குச்சி உயிரோடு இருக்கிறது, கசியாமல் உலர்ந்து கிடந்தால் முளைப்பு குறையும்.

நடும் துண்டுக்குக் கரணை என்று பெயர், கரும்புத் துண்டுக்கும் அதே பெயர்தான். மரவள்ளிக் கரணை 15 செ.மீ. நீளம், அதில் 8 முதல் 10 கணு. அரிவாளால் ஓங்கி வெட்டினால் முனை பிளந்து பட்டை நசுங்கும், அந்த இடத்தில் அழுகல் புகும். ஆகவே கூரான கத்தியாலோ சிறு ரம்பத்தாலோ சமமாக அறுக்க வேண்டும். மொட்டு மேலே பார்க்கும்படி செங்குத்தாக நட வேண்டும். தலைகீழாகப் போன கரணையும் சில நேரம் முளைக்கும், ஆனால் தாமதமாக, கோணலாக, கிழங்கும் ஒழுங்காகப் பிடிக்காது. பாசனப் பயிரில் 90 செ.மீ.க்கு 90 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 12,345 கரணை வேண்டும். முளைக்காத இடத்தில் 20 நாளுக்குள் மறுபடி ஊன்றிவிட வேண்டும், அதற்குப் பின் ஊன்றியது பக்கத்துச் செடியின் நிழலிலேயே நின்றுபோகும். பாருங்கள், ஒரே அடிப்பகுதிக்கு எத்தனை பெயர்: வயலில் நிற்கும்போது செடி, வெட்டிக் கட்டினால் குச்சி, நறுக்கினால் கரணை, காய்ந்து அடுப்புக்குப் போனால் விறகு. தண்டு என்று எந்தக் கட்டத்திலும் உழவர் சொல்வதில்லை. தமிழில் அச்சான வேளாண்மைக் கையேட்டில் மட்டும் தண்டு வரும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது, உங்கள் முதல் கேள்விக்கு என் முடிவும் இதுதான். மரவள்ளி, மக்காச்சோளம், மிளகாய் மூன்றும் தென்னமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்துச் செடிகள். கொலம்பஸின் கடற்பயணத்துக்குப் பிறகுதான் நம் மண்ணுக்கு வந்தன. மரவள்ளி சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளோடு பெருகியது 1940களுக்குப் பிறகு. இந்த மூன்றும் வந்தபோது எந்தப் புலவரும் கூடிப் பெயர் சூட்டவில்லை. மக்காச்சோளத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள், உள்ளே தக்கையும் வெளியே கடினத்தோலும் கண்டு, தட்டு என்றார்கள். மரவள்ளியைக் குச்சி என்றார்கள். மிளகாயின் அடி கோல் வரிசையில் சேர்ந்தது. பழைய சொற்கள் வெறும் பட்டியலாக இருந்திருந்தால் புதுச்செடிக்கு இவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்காது. பேசுகிறவர்கள் மனத்தில் ஒரு இலக்கணம் உயிரோடு இருந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். ஏற்காட்டுத் தோட்டங்களில் அந்தச் செடிக்கும் நம் சொற்களே பொருந்தின: நேர் மேலாக எழும் நீர்ப்போத்தை ஒடிப்பது, மிளகு ஏறினால் கொடி. போத்து என்பது கிளையின் உட்பிரிவுகளுக்குப் பாவாணர் தரும் வரிசையிலும் இருக்கிறது.

காப்பியில் தண்டு என்ற சொல் நுழைந்தது பூச்சியின் பெயரில். அராபிகா என்ற காப்பி வகையின் செடியைக் குடையும் வண்டுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று பெயர். பட்டையின் வெடிப்பில் முட்டை வைத்து, புழு உள்ளே சுரங்கம் போட, அடியில் வரம்பு வரம்பாகப் புடைக்கும், இலை மஞ்சளாகித் தொங்கும். நெல்லின் தண்டுத் துளைப்பானும் இதே வகைப் பெயர், நம் பக்கத்தில் அதையே குருத்துப்பூச்சி என்பார்கள். இந்தப் பெயர்களில் இருக்கும் தண்டு, ஆங்கிலப் பாடநூல் சொல்லுக்கு ஈடாக நிறுத்தப்பட்ட பொதுச்சொல். அறிவியலுக்கு அப்படி ஒரு பொதுச்சொல் தேவை. கணுவும் மொட்டும் இலையும் தாங்கும் உறுப்பு எதுவானாலும், அது மண்ணுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், ஒரே பெயரில் சுட்ட வேண்டும். இருந்த சொற்களில் தண்டைத் தேர்ந்தார்கள், அது நல்ல தேர்வுதான். ஆகவே இரண்டு புத்தகமும் சரி. ஒன்று பொருளின் தன்மையைச் சொல்கிறது, மற்றது உறுப்பின் வேலையைச் சொல்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியலிலும் இப்படி ஒரு பிரிப்பு இருக்கிறது. வெளியே காழ் உடையது புல், உள்ளே காழ் உடையது மரம். காழ் என்றால் வயிரம், உறுதி. தென்னை, பனை, மூங்கில் எல்லாம் அந்தக் கணக்கில் புல். பனைமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: விளிம்பு இரும்பு, நடு சோறு. வேம்பையோ புளியையோ அறுத்தால் நடுவில் கறுத்த வயிரம். ஒருவிதையிலை, இருவிதையிலை என்று தாவரவியல் பிரிப்பதோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. என் கருத்தாக ஒன்று சேர்க்கிறேன், இது தொல்காப்பியம் சொன்னதாக எழுதிவிட வேண்டாம்: தண்டு என்பது எந்தப் பக்கமும் காழ் ஏறாதது. கீரை, வாழை, தாமரை, ஆமணக்கின் இளம் அடி எல்லாவற்றுக்கும் இது பொருந்துகிறது.

இரண்டாவது கேள்வி, தண்டு யாருடைய சொல். உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். செடியின் அடி என்ற பொருளில் இந்தச் சொல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல, நம் உறவுமொழிகள் எல்லாவற்றிலும் வீட்டுச்சொல்லாக இருக்கிறது. மலையாளத்தில் தண்டு. கன்னடத்தில் தண்டுக்கீரையை 'தண்ட்டின சொப்பு' என்பார்கள். தெலுங்கில் சோளத்தட்டு 'ஜொன்ன தண்ட்டு'. சேலத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாகப் பேசும் நெசவாளர் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நீங்களே கேட்டுச் சரிபார்க்கலாம். கேட்கும்போது காதைக் கூர்மையாக்கி ஒன்றைக் கவனியுங்கள். கன்னடத்தில் செடித்தண்டில் வரும் டகரம் நம் 'எட்டு'வில் வருவதுபோல் வல்லோசை. படையைக் குறிக்கும் 'தண்டு'வில் வரும் டகரம் நம் 'வண்டி'யில் வருவதுபோல் மெல்லோசை. தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே மாதிரி காட்டும், அவர்கள் எழுத்து பிரித்துக் காட்டும். செடித்தண்டும் படைத்தண்டும் அங்கே இரண்டு வேறு சொல்.

இந்த ஒலி வேறுபாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. தமிழ் எட்டுக்குக் கன்னடம் 'எண்ட்டு'. அதாவது நம் 'ட்டு' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'ண்ட்டு' வருவது முறையான ஒலிப்பொருத்தம். அந்த முறைப்படி அவர்களுடைய 'தண்ட்டு'வுக்கு நேர் ஈடு நம் 'தட்டு'. தெலுங்கின் ஜொன்ன தண்ட்டு பொருளிலும் சோளத்தட்டோடு அப்படியே பொருந்துகிறது. ஆகத் தட்டும் தண்டும் ஒரே மூலத்தின் இரண்டு கிளைகளாக இருந்து, தமிழில் இரண்டுமே தங்கி, காய்ந்ததற்கு ஒன்று, ஈரமானதற்கு ஒன்று என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். இதன் முன்பாதி ஒலிவிதி. பங்கிட்டுக்கொண்டது என்ற பின்பாதி என் ஊகம், மேற்கோளாக எடுக்க வேண்டாம்.

தீராத வழக்கு வடமொழி 'தண்டம்' பற்றியது. அது ரிக் வேதத்திலேயே கோல் என்ற பொருளில் வருகிறது. திராவிடத்திலிருந்து அங்கே போனது என்பது ஒரு கட்சி, பாவாணரும் தமிழ்ச்சொல் என்றே கொண்டவர். திரண்டு பருத்திருத்தல் என்ற திரட்சிப் பொருளிலிருந்து தண்டு பிறந்தது என்பது அந்தப் பக்கத்து விளக்கம். நடு, கிழக்கு இந்தியாவில் பழங்குடியினர் பேசும் முண்டா மொழிகளோடு சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. கிரேக்கத்தில் மரத்தைக் குறிக்கும் 'தெண்ட்ரோன்' என்ற சொல்லோடு இனமாக்கி இந்தோ ஐரோப்பியம் என்று நிறுவ முயன்றவர்களும் உண்டு. எழுத்தில் எது முன் என்பது இந்த வழக்கைத் தீர்க்காது, ஏனென்றால் உழவர் வாய்ச்சொல் எழுத்துக்கு வெகு முன்பே இருக்கும். என் நிலை இது: வாழைத்தண்டின் தண்டைக் கடன்சொல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கோலையும் தண்டனையையும் குறிக்கும் தண்டம் நம்மிடம் வடமொழி வழியாக வந்த உருவம். அதன் ஆதிமூலம் எது என்று யாராவது ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட சொற்கள். தண்டனை, அபராதம் என்ற பொருளில் தண்டம், தண்டநாயகன், தண்டாயுதபாணி எல்லாம் கோல் என்ற வடமொழித் தண்டத்தின் பிள்ளைகள். வீணாய்ப் போனதைத் தண்டம் என்பதும் அபராதமாகக் கட்டிய பணத்திலிருந்து விரிந்த பொருள். தண்டனிடுதல் கோல்போல் நெடுகக் கீழே விழுவது. தண்டல் என்பது தண்டுதல் என்ற வினை, வரி திரட்டுதல். மாவட்ட ஆட்சியரை முன்பு தண்டலர் என்று எழுதியது இதனால்தான். இது திரட்சிப் பொருளில் வந்ததா, தண்டம் வாங்குவதிலிருந்து வந்ததா என்பதில் இரண்டு கருத்து உண்டு. புறநானூற்றின் 6ஆம் பாட்டில் 'தண்டா ஈகை' என்று வருவது குறையாத கொடை. அந்தத் தண்டுதல் வேறு வினை, வரியோடு குழப்பக் கூடாது. தண்டோராவும் தண்டாலும் இந்துஸ்தானி வழி வந்தவை. முதுகுத்தண்டு, தண்டுவடம், வீணைத்தண்டு, பல்லக்குத்தண்டு, படகில் வலிக்கும் தண்டு ஆகியவை நீண்டு நின்று தாங்கும் வடிவத்தால் ஒன்றுசேர்பவை. தண்டவாளத்தில் முன்பாதி அந்த நீண்ட கம்பியைக் காட்டுகிறது. பின்பாதிக்கு நான் விளக்கம் எழுத மாட்டேன். சோலையைக் குறிக்கும் தண்டலை மட்டும் இந்தக் குடும்பமே இல்லை, அது குளிர்ச்சியைக் குறிக்கும் 'தண்' என்ற சொல்லின் வழி வந்தது. தண்ணீருக்கும் அதே தண்.

தேர்வைப் பொறுத்தவரை மகளுக்குக் குழப்பம் வேண்டாம். தமிழ்த் தாளில் கம்பு, சோளத்தின் அடி கேட்டால் 'தட்டு அல்லது தட்டை' என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதட்டும், மூங்கிலுக்குக் கழை, கரும்புக்குக் கழி, இந்த இரண்டும்தான் இடம் மாறும். அறிவியல் தாளில் உருளைக்கிழங்கு தரைகீழ்த் தண்டு, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வேர். சந்தேகம் வந்தால் வீட்டில் இருக்கும் ஒரு உருளைக்கிழங்கையும் ஒரு குச்சிக்கிழங்கையும் பக்கத்தில் வைத்து, எதில் கண் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.